எகிப்தியக் கற்சுவரில் சாமானியர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்தில் கெய்ரோவுக்குத் தெற்கே இருக்கும் சக்காரா கல்லறைகளில் உள்ள சிற்பம் ஒன்றின் படத்தைப் பகிர்ந்தால் போதும், அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள் வரிசையாக வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில், எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். அரசர்களும் தெய்வங்களும் இதில் அதிகம் வரமாட்டார்கள். மாடு மேய்ப்பவர், மாவரைப்பவர், மீன் பிடிப்பவர், சந்தையில் திருடிப் பிடிபட்ட பையன் ஆகியோர்தான் இங்கே முக்கியம்.

பிரமிடு, மம்மி, ராஜா எல்லாம் சரி. கல்லறைச் சுவர்ல மாடு மேய்க்கிறவனுக்கும் ரொட்டி சுடுறவளுக்கும் என்ன வேலை?

முதலில் ஒன்று: இந்தக் காட்சிகள் பெரும்பாலும் அரசர்களின் கல்லறைகளில் இல்லை. அதிகாரிகளின் கல்லறைகளில்தான் இருக்கின்றன. கி.மு. 2686 முதல் 2181 வரையிலான காலத்தைப் பழைய அரசு என்பார்கள். அப்போது பெரிய பதவியில் இருந்தவர்கள் மஸ்தபா என்ற செவ்வக வடிவக் கல்லறைகளைக் கட்டிக்கொண்டார்கள். உடல் கீழே ஆழத்தில் இருக்கும். மேலே உள்ள அறைகளுக்கு உறவினர்களும் பூசாரிகளும் வந்து படையல் வைப்பார்கள். சிற்பங்கள் அந்த மேல் அறைகளின் சுவர்களில்தான் உள்ளன.

செத்தவருக்கும் தினமும் ரொட்டி, பீர், இறைச்சி, துணி எல்லாம் வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. பேரன் காலத்தில் படையல் நின்றுபோகலாம். சுவரில் செதுக்கியதோ நின்றுபோகாது. ரொட்டியை மட்டும் செதுக்கினால் போதுமா? மாவரைக்க ஆள் வேண்டும், அறுக்க ஆள் வேண்டும், விதைக்க ஆள் வேண்டும். இப்படிப் பின்னோக்கிப் போய்ப் போய் ஒரு முழுப் பண்ணையே சுவரில் ஏறிவிட்டது. ஐந்தாம் அரசமரபுக் காலத்தில் அரச பிரமிடுகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் தி. சக்காராவில் உள்ள அவர் கல்லறையில் உழவு, அறுவடை, போரடிப்பு, ரொட்டி சுடுதல், பீர் காய்ச்சுதல், படகு கட்டுதல், சிலை செதுக்குதல் எல்லாமே உண்டு. அந்த மனிதர்களைப் போற்றுவதற்காகச் செதுக்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலை நடக்க வேண்டும், அதற்காகத்தான் அவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

இது ஓவியமா, சிற்பமா? படத்துல பார்த்தா ரெண்டும் மாதிரி இருக்கே?

இரண்டும்தான். கல்லைச் செதுக்கி உருவத்தைக் கொண்டுவந்து, அதன் மேல் வண்ணம் பூசுவார்கள். செதுக்குவதில் இரண்டு வகை. சுற்றியுள்ள கல்லை நீக்கி, உருவத்தை மட்டும் சில மில்லிமீட்டர் மேலே நிற்க விடுவது முதல் வகை. நாம் புடைப்புச் சிற்பம் என்று சொல்வது அதைத்தான். இரண்டாவதில் சுவரின் பரப்பு அப்படியே இருக்கும். உருவம் மட்டும் அதற்குள் குழிவாக இறங்கியிருக்கும்.

மேடாக எழும் வகை அறைக்குள் மங்கலான விளக்கொளிக்கு ஏற்றது. குழிவான வகை வெளிச்சுவருக்கு ஏற்றது, ஏனென்றால் எகிப்தின் உச்சி வெயிலில் அதன் ஓரங்களில் கறுப்பாக நிழல் விழுந்து கோடு எடுப்பாகத் தெரியும். வண்ணத்தில் ஆண்களுக்குச் செம்பழுப்பு, பெண்களுக்கு மஞ்சள் என்பது பொது வழக்கம். இன்று பல இடங்களில் வண்ணம் உதிர்ந்து வெறும் கல் தெரிவதால்தான் நமக்குக் குழப்பம்.

எல்லாரும் ஏன் பக்கவாட்டுலயே நிக்கிறாங்க? அவங்களுக்கு நேரா வரையத் தெரியாதா?

தெரியும். ஆனால் அவர்களுக்கு வேண்டியது ஒரு கணத்தில் கண்ணில் படும் தோற்றம் அல்ல. உறுப்புகள் ஒவ்வொன்றும் முழுமையாக இருக்க வேண்டும். அதனால் முகம் பக்கவாட்டில், கண் நேராக, தோள்கள் இரண்டும் நேராக, கால்கள் மறுபடி பக்கவாட்டில் என்று அமைத்தார்கள். பாதங்களைக் கவனித்துப் பாருங்கள்: பல உருவங்களில் இரண்டு பாதமுமே கட்டைவிரல் பக்கம்தான் தெரியும். நிற்கும் மனிதனின் உள்ளங்காலிலிருந்து நெற்றி முடிக்கோடு வரை 18 கட்டங்கள் என்று சதுரக் கட்டம் போட்டு அளவு வைத்தது, பழைய அரசுக்குப் பின் வந்த மத்திய அரசுக் காலத்திலிருந்து வழக்கமானது. அதற்கு முன்பு சில வழிகாட்டிக் கோடுகளே போதுமாக இருந்தன.

இந்த விதி கறாராகப் பொருந்துவது கல்லறைக்காரருக்குத்தான். அவர் என்றும் இளமையாக, விறைப்பாக, சலனமே இல்லாமல் நிற்பார். வேலைக்காரர்களுக்கு வந்தால் சிற்பியின் கை தளர்ந்துவிடுகிறது. முன்வழுக்கை, தொந்தி, சவரம் செய்யாத தாடி, குனிந்த முதுகு, பாரம் இழுக்கும்போது முறுகும் தோள் எல்லாம் வருகின்றன. எனக்கு இந்தச் சுவர்களில் பெரிய உருவங்கள் அலுத்துப்போய்ப் பல காலம் ஆகிறது. கண் தானாகக் கீழ் வரிசைக்குத்தான் போகிறது.

ஒருத்தர் மட்டும் ராட்சசன் மாதிரி பெரிசா, மத்தவங்க முழங்கால் உயரத்துக்கு இருக்காங்களே?

அளவு என்பது அந்தஸ்து. பெரியவர் கல்லறைக்காரர். அவர் காலருகே சின்னதாக நிற்பது அவர் மனைவியாகவோ பிள்ளையாகவோ இருக்கலாம். எதிரே நான்கைந்து அடுக்குகளாக வேலைகள் நடக்கும். பக்கத்தில் உள்ள எழுத்து அவர் அதைப் 'பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று சொல்லும். அடுக்குகளைத் தூரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேல் அடுக்கில் இருப்பவர் பின்னால் நிற்கிறார் என்று எப்போதும் பொருள் இல்லை. சில இடங்களில் அடுக்குகள் வேலையின் வரிசை. சில இடங்களில் வெறும் இடவசதி.

அப்போ அந்தச் சின்ன ஆளுங்க எல்லாம் அடிமைகளா?

பழைய அரசுக் காலத்துக்கு அந்தச் சொல் சரியாகப் பொருந்தாது. பெரும்பாலானவர்கள் நிலத்தோடும் பண்ணையோடும் கட்டுண்ட குடிகள். அரசு கூப்பிட்டால் கட்டாய வேலைக்குப் போக வேண்டும், விளைச்சலில் பங்கு கொடுக்க வேண்டும். ஆனால் கைவினைஞர்கள், எழுத்தர்கள், வீட்டு ஊழியர்கள் ஆகியோரும் இதே சின்ன அளவில்தான் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அளவை வைத்து ஒருவரின் நிலையை முடிவு செய்ய முடியாது.

அதற்காக எல்லாம் சுமுகமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. ஆறாம் அரசமரபின் தேதி மன்னருக்கு முதலமைச்சராக இருந்தவர் மெரெருகா. அவர் கல்லறையில் ஊர்த்தலைவர்களை வரிக்கணக்கு கேட்டு இழுத்து வரும் காட்சி இருக்கிறது. காவலர்கள் கையில் தடி. தலைவர்கள் குனிந்து, கழுத்து அழுத்தப்பட்டு வருகிறார்கள். எழுத்தர்கள் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவனைக் கம்பத்தில் கட்டி அடிக்கிறார்கள். அதைத் தன் கல்லறையில் செதுக்கி வைக்க மெரெருகாவுக்குக் கூச்சமே இல்லை. நல்ல நிர்வாகம் என்று அவர் நினைத்தது அதைத்தான்.

தலைக்கு மேல சின்னச் சின்ன எழுத்து இருக்கே, அது மந்திரமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அவற்றில் பல மந்திரம் அல்ல, பேச்சு! படக்கதைகளில் தலைக்கு மேல் வசனம் எழுதுவதைப் போல, யார் பேசுகிறாரோ அவர் பக்கத்தில் அவர் சொல்வதை வெட்டியிருக்கிறார்கள். ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் எர்மன் 1919-இல் இந்தப் பேச்சுகளையும் கூவல்களையும் பாட்டுகளையும் மட்டும் தனியாகத் திரட்டி வெளியிட்டார்.

மாடு அறுக்கும் இடத்தில் 'நன்றாக இழு' என்கிறான் ஒருவன். ரத்தம் பட்ட கையை இன்னொருவர் முகர்ந்து 'சுத்தமாக இருக்கிறது' என்று சான்று தருகிறார். பல்லக்குத் தூக்குகிறவர்கள் பாடுகிறார்கள்: நாற்காலி காலியாக இருப்பதைவிட நிறைந்திருந்தால்தான் நல்லதாம். முதலாளியைச் சுமப்பது பாரமே இல்லை என்று பாடச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சுமந்தவர்கள் வேறு ஏதாவது பாடியிருக்கக்கூடும், ஆனால் அதைக் கல்லில் வெட்டக் காசு கொடுக்க யார் இருந்தார்கள்?

விதைத்த வயலில் ஆடுகளை ஓட்டி விதையை மிதிக்க விடும்போது பாடும் பாட்டு தியின் கல்லறையில் இருக்கிறது. மேய்ப்பன் தண்ணீரில் மீன்களுக்கு நடுவே இருக்கிறான், கெளுத்தியோடு பேசுகிறான், இன்னொரு மீனுக்கு வணக்கம் சொல்கிறான் என்று போகும். மேற்குத் திசையை அழைத்து, மேய்ப்பன் எங்கே என்றும் கேட்கும். மேற்கு செத்தவர்களின் திசை. அதனால் அது வேடிக்கைப் பாட்டா, ஒப்பாரியா என்று இன்றும் அறிஞர்கள் வாதாடுகிறார்கள். சேற்றில் முழங்கால் புதையப் பாடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

மாடுங்க ஆத்தைக் கடக்கிற அந்தப் படம் எங்கே இருக்கு? அதுல என்ன விசேஷம்?

அதுவும் தியின் கல்லறையில்தான். கன்று ஆழத்துக்குப் பயப்படும், அதனால் மேய்ப்பன் ஒருவன் அதை முதுகில் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறான். கன்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. அங்கே தாய்ப்பசு வாயைத் திறந்து கத்தியபடி வருகிறது. கன்றைத் தேடித் தாய் தண்ணீரில் இறங்கும், தாயைத் தொடர்ந்து மந்தை இறங்கும். மேய்ப்பனின் தந்திரமே அதுதான். கன்று அங்கே அழகுக்காக வரவில்லை, மந்தையை இழுக்கும் கயிறு அது. தண்ணீருக்குள் இருக்கும் கால்களை மெல்லிய கோட்டில், நீரின் நெளிவுகளுக்கு ஊடே தெரியும்படி காட்டியிருக்கிறார்கள்.

இது போன்ற ஆற்றுக் காட்சிகளில் படகில் இருப்பவன் கையை நீட்டி விரலைச் சுட்டிக்கொண்டிருப்பான். அவன் வழி காட்டவில்லை. முதலையின் வாயைக் கட்டும் மந்திரத்தைச் சொல்கிறான். தண்ணீருக்குக் கீழே பாருங்கள், முதலை படுத்திருக்கும்.

அந்த ஆளுங்க யாருக்காவது பேர் உண்டா, எல்லாரும் பேர் இல்லாதவங்கதானா?

பெரும்பாலோருக்கு இல்லை, தொழிலின் பெயர்தான். ஆனால் விதிவிலக்குகள் உண்டு. சக்காராவில் ப்தாஹோத்தெப் என்ற அதிகாரியின் கல்லறையில் படகுக்காரர்கள் கழிகளால் ஒருவரையொருவர் தள்ளி விளையாடும் வரிசையின் ஓரத்தில், ஒரு மனிதர் படகில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். முன்னால் சாப்பாடு குவிந்திருக்கிறது, ஒரு பையன் குடிக்கக் கொடுக்கிறான். எழுத்து அவர் பெயரைச் சொல்கிறது: சிற்பிகளின் தலைவர் நியாங்க்ப்தா. தான் செதுக்கிய சுவரிலேயே தன்னையும் வைத்துக்கொண்டார் என்று நினைக்கத் தோன்றும். முதலாளியின் சம்மதம் இல்லாமல் அது நடந்திருக்காது, ஆகவே பரிசாகவும் இருக்கலாம்.

இன்னொருவர் ஹெனுத். பதினோராம் அரசமரபின் நெஃபெரு அரசிக்குச் சிகை அலங்காரம் செய்தவர். அரசியின் கூந்தலில் விரல்களை நுழைத்து முடிச்சிடும் ஹெனுத்தின் பெயரைப் பக்கத்திலேயே வெட்டியிருக்கிறார்கள். அந்தத் துண்டு இப்போது நியூயார்க் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பொம்பளைங்க என்ன வேலை செஞ்சாங்க? கூடை தூக்கிட்டு வரிசையா வர்றது மட்டும்தானா?

கூடை தூக்கி வரும் அந்த அழகான வரிசை ஒரு பொறி. அவர்கள் மனிதப் பெண்கள் அல்ல. ஒவ்வொருத்தியின் முன்னாலும் ஒரு பண்ணையின் பெயர் எழுதியிருக்கும். கல்லறைக்குப் பொருள் அனுப்பும் கிராமங்களையும் பண்ணைகளையும் பெண் உருவமாக்கி நடக்கவிட்டிருக்கிறார்கள். தியின் கல்லறையில் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே நடை.

நிஜமான உழைப்பாளிப் பெண்களைக் களத்திலும் அடுக்களையிலும் தேடுங்கள். முழங்காலிட்டு, சாய்ந்த கல்லின் மேல் இன்னொரு கல்லை முன்னும் பின்னும் தள்ளி மாவரைக்கிறார்கள், சலிக்கிறார்கள், அச்சுப் பானைகளை அடுக்கிச் சூடாக்கி ரொட்டி சுடுகிறார்கள், நெருப்பின் சூட்டுக்குக் கையால் முகத்தை மறைக்கிறார்கள். போரடித்த களத்தில் பதரைப் பிரித்துத் தூற்றுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். ஆட்டக்காரிகளும் பாட்டுக்காரிகளும் ஒப்பாரி வைப்பவர்களும் தனி. சக்காராவில் அங்க்மஹோர் என்ற அதிகாரியின் கல்லறையில் ஆடும் பெண்கள் காலைத் தலைக்கு மேல் தூக்கி, உடலைப் பின்னால் சாய்த்திருக்கிறார்கள். மேலே சொன்ன விறைப்பு விதியெல்லாம் அங்கே காற்றில் போய்விட்டது.

குழந்தைங்க?

உண்டு. உடம்பில் துணி இருக்காது, தலையின் ஒரு பக்கம் மட்டும் சடை தொங்கும், சில நேரம் விரல் வாயில் இருக்கும். ப்தாஹோத்தெப், மெரெருகா கல்லறைகளில் பையன்களின் விளையாட்டுகள் தனி வரிசையாகவே இருக்கின்றன. ஒன்றில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து கால்களையும் கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க, மூன்றாவது பையன் ஓடிவந்து தாண்டுகிறான். எகிப்தியக் கிராமங்களில் இதே ஆட்டம் கஸ்ஸா லவிஸ்ஸா என்ற பெயரில் நம் காலம்வரை ஆடப்பட்டு வந்திருக்கிறது.

குரங்கு திருடனைப் பிடிக்கிற படம் நெட்ல சுத்துதே, அது உண்மையா, யாரோ உருவாக்கின படமா?

உண்மை. தெபெமன்க் என்பவரின் கல்லறையிலிருந்து வந்த துண்டு, கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சந்தையில் ஒருவன் கயிற்றில் பபூன் குரங்குகளை நடத்தி வருகிறான். அதில் ஒன்று ஒரு பையனின் காலைப் பிடித்துக்கொள்கிறது. நியாங்க்க்னும், க்னும்ஹோத்தெப் என்ற இருவரும் சேர்ந்து கட்டிக்கொண்ட கல்லறையிலும் சந்தைக்குள் குரங்கு வருகிறது. அந்த இருவரும் அரண்மனையில் நகப் பராமரிப்பாளர்களின் மேற்பார்வையாளர்கள். அவர்கள் கல்லறை 1964-இல் கண்டுபிடிக்கப்பட்டது.

குரங்கைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், சந்தையையும் பாருங்கள். காய்கறி, மீன், துணி எல்லாம் கைமாறுகின்றன. நாணயமே கிடையாது, அது எகிப்துக்கு வர இன்னும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகும். ஆனால் விலை உண்டு. துணி ஒரு முழத்துக்கு ஆறு 'ஷாட்' என்று எழுதியிருக்கிறார்கள். ஷாட் என்பது மதிப்பைக் கணக்கிடும் அலகு. பணம் கையில் இல்லாவிட்டாலும் கணக்கு மனதில் இருந்திருக்கிறது.

இதையெல்லாம் செதுக்கினது யாரு? இரும்பே இல்லாம எப்படி?

குழுவாகத்தான். முதலில் சுவரைத் தேய்த்துச் சமன் செய்வார்கள். ஒருவர் சிவப்பு மையில் உருவங்களை வரைவார். தலைமை வரைவாளர் வந்து கறுப்பில் திருத்துவார். பிறகு செதுக்குபவர் செப்பு உளியும் மரக் கொட்டாப்புளியுமாக வேலை தொடங்குவார். கடைசியில் கல்லால் தேய்த்து மெருகு, சாந்து, வண்ணம். சுண்ணாம்புக்கல் மிருதுவானது என்பதால் செப்பு போதும். நைலுக்கு மறுகரையில் உள்ள தூராவின் வெள்ளைக் கல்லை அதிகாரிகள் ஆசைப்பட்டு வாங்கியதற்கு அதன் நேர்த்தியான மணிதான் காரணம். இந்தப் படிநிலைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஆசை என்றால், மன்னர்களின் பள்ளத்தாக்கில் ஹொரெம்ஹெபின் கல்லறைக்குப் போக வேண்டும். வேலை பாதியில் நின்றுவிட்டது. சிவப்புக் கோடும் கறுப்புத் திருத்தமும் அரைகுறை உருவமும் அப்படியே இருக்கின்றன.

சிற்பி ஒருவரே தன் தொழிலைப் பற்றிப் பேசியதும் கிடைத்திருக்கிறது. மெந்துஹோத்தெப் மன்னர் காலத்து இர்த்திசென் என்பவரின் நடுகல், இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில். ஆணின் நடை, பெண்ணின் நடை, பிடிபட்டவன் கூனிக் குறுகுவது, நீர்யானையை ஈட்டியால் குத்துகிறவன் கை ஓங்குவது, ஓடுகிறவனின் கால் எல்லாம் தனக்குத் தெரியும் என்று பெருமையடிக்கிறார். சில நுட்பங்களைத் தன் மூத்த மகனைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். அந்தப் பட்டியலில் எத்தனை பேர் சாமானியர்கள் என்று பாருங்கள்!

நோய், பசி, வலி இதெல்லாம் காட்டினாங்களா? இல்ல எல்லாரும் சிரிச்ச முகம்தானா?

காட்டினார்கள், ஆனால் கல்லறைக்காரருக்கு அல்ல. பாப்பிரஸ் தண்டு அறுப்பவர்கள், படகுக்காரர்கள் சிலரின் தொப்புள் பிதுங்கி நிற்கும். குடலிறக்கம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மத்திய அரசுக் காலத்தில் மெய்ர் என்ற இடத்தில் செதுக்கிய ஒரு மேய்ப்பன் எலும்பும் தோலுமாக, விலா ஒவ்வொன்றும் எண்ணும்படி, கோலை ஊன்றி நடக்கிறான். பக்கத்திலேயே கொழுத்த மாடு. அங்க்மஹோர் கல்லறையில் இளைஞனுக்கு விருத்தசேதனம் செய்யும் காட்சி. 'இவனைப் பிடித்துக்கொள், மயங்கவிடாதே' என்கிறார் செய்பவர். 'சொன்னபடி செய்கிறேன்' என்று பின்னால் நிற்பவர் பதில் சொல்கிறார். அதில் ஒரு பாதி வெறும் சவரம்தான் என்று வாதிடுபவர்களும் உண்டு.

உனாஸ் மன்னரின் பிரமிடுக்குப் போகும் மூடுபாதையில் பட்டினியால் வற்றிய மனிதர்கள் இருக்கிறார்கள். எகிப்தில் வந்த பஞ்சம் அது என்று நெடுநாள் நினைத்தார்கள். 1990-களில் அபூசிரில் சாஹுரே மன்னரின் பாதையிலும் அதே மாதிரிக் காட்சி கிடைத்தது. அங்கே அவர்கள் பாலைவன நாடோடிகள், பிரமிடின் உச்சிக்கல்லைக் கொண்டுவரும் காட்சியோடு சேர்ந்து வருகிறார்கள். ஆக, ஒரு குறிப்பிட்ட ஆண்டின் பஞ்சச் செய்தியாக உனாஸின் சிற்பத்தைப் படிப்பது இனி கடினம்.

அப்போ சுவர்ல இருக்கிறதை அப்படியே அன்றாட வாழ்க்கைன்னு நம்பலாமா?

கொஞ்சம் நிதானமாக. கருவிகள், வேலையின் வரிசை, மீன் வகைகள் போன்ற விஷயங்களில் தாராளமாக நம்பலாம். மீன்களை இனம் பிரித்துச் சொல்லும் அளவுக்குத் துல்லியமாகச் செதுக்கியிருக்கிறார்கள். காலம் மாறினால் மாற்றமும் பதிவாகிறது: பழைய அரசில் போரடிக்கக் கழுதைகள், மத்திய அரசுக்கும் பிந்தைய புதிய அரசில் மாடுகள். ஆனால் எதைச் செதுக்குவது என்ற தேர்வு முதல் கேள்விக்குச் சொன்ன காரணத்திலிருந்து வருகிறது. முதலாளிக்குப் பயன்படாத எதுவும் சுவரில் இல்லை. மாடு மேய்ப்பவன் வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டான், மனைவியோடு என்ன பேசினான் என்பதற்கு இங்கே இடமே கிடையாது.

இன்னொரு சிக்கல், பார்த்து எழுதுவது. தீபஸ் நகரில் மெந்துஎம்ஹாத் என்ற பெரிய அதிகாரியின் கல்லறை, கி.மு. ஏழாம் நூற்றாண்டு. அதில் ஒரு சிறுமி இன்னொருத்தியின் காலிலிருந்து முள் எடுக்கிறாள். உயிருள்ள காட்சி என்று ரசிப்போம். ஆனால் அது, அதே ஊரில் எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய மென்னா என்பவரின் கல்லறை ஓவியத்திலிருந்து எடுத்தது. முள் குத்திய கால் கி.மு. ஏழாம் நூற்றாண்டுக்கும் சொந்தம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எத்தனையோ காட்சிகள் இருக்க, அந்தச் சிற்பி ஏன் அதைப் பொறுக்கி எடுத்தார்? மனிதருக்குப் பிடித்திருந்தது என்று நான் நினைக்கிறேன்.

கோயில் சுவர்கள்ல சாதாரண ஜனங்க கிடையாதா?

உண்டு, தேட வேண்டும். தெய்ர் எல்-பஹ்ரியில் ஹட்ஷெப்சுத் அரசியின் கோயிலில் புன்ட் நாட்டுப் பயணம் செதுக்கப்பட்டிருக்கிறது. வாசனை மரங்களை வேரோடு கூடையில் வைத்துத் தூக்கிக் கப்பலில் ஏற்றும்போது, 'காலைப் பார்த்து வையுங்கள், பாரம் அதிகம்' என்று குரல் கேட்கிறது. இரண்டாம் ராமேசஸ் கி.மு. 1274-இல் நடத்திய காதேஷ் போரைக் காட்டும் சுவர்களில் படைமுகாமின் கழுதைகளும் சேவகர்களும் வருகிறார்கள். அவருடைய கோயிலான ராமேசியத்தில், ஆற்றில் விழுந்த அலெப்போ இளவரசனைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள் அவன் ஆட்கள். மூன்றாம் ராமேசஸின் கோயிலான மெதினத் ஹபுவில், எதிரிகளிடமிருந்து வெட்டப்பட்ட கைகளை எழுத்தர்கள் எண்ணிக் கணக்கு எழுதுகிறார்கள். கடல்வழி வந்த மக்களின் பெண்களும் குழந்தைகளும் மாட்டு வண்டிகளில் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட நெருக்கமாகப் பார்க்க அகெனாத்தென் மன்னர் காலத்துச் சிறு கற்கள் நல்லவை. தலாதாத் என்று பெயர், ஏறக்குறைய 52 செ.மீ. நீளமும் 26 செ.மீ. அகலமும். அவர் கட்டியதைப் பின்வந்தவர்கள் இடித்து, அதே கற்களைக் கர்னாக் கோயிலின் வாயிற்கோபுரங்களுக்குள் நிரப்பினார்கள். அழிக்கச் செய்தது பாதுகாப்பாகிவிட்டது. லக்சர் அருங்காட்சியகத்தில் அவற்றைச் சேர்த்து ஒரு சுவராக நிறுத்தியிருக்கிறார்கள்: கிடங்கு, பட்டறை, பெருக்குகிறவர், சுமக்கிறவர் என்று ஒரே பரபரப்பு.

கிரேக்கர்கள் வந்த பிறகு இந்த மாதிரிச் சிற்பம் நின்னுபோச்சா?

உடனே இல்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் துனா எல்-கெபெலில் பெத்தோசிரிஸ் என்ற பூசாரியின் கல்லறையில் பழைய காட்சிகளே மறுபடி வருகின்றன: திராட்சை பறித்தல், மிதித்தல், உழவு. ஆனால் உழைப்பவர்கள் கிரேக்கப் பாணி உடையில், உடலைத் திருப்பி நிற்கிறார்கள். பார்க்க விநோதமாக இருக்கும். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை.

எகிப்துச் சிற்பத்துல தமிழர்கள் இருக்காங்கன்னு ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா?

இல்லை. எகிப்தோடு தென்னிந்தியாவுக்குத் தொடர்பு இருந்தது உண்மைதான். கி.மு. 1213-இல் இறந்த இரண்டாம் ராமேசஸின் மம்மியின் மூக்கில் மிளகு இருந்தது. செங்கடல் கரையில் குசேர் அல்-கதீம், பெரெனிகே துறைமுகங்களில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அந்த ஓடுகள் கிறிஸ்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. தியின் மேய்ப்பன் அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவன். கறுத்த நிறமும் இடுப்புத் துணியும் மாட்டுக் கொம்பும் ஒத்துப்போவது சான்று ஆகாது.

நேர்ல பார்க்கணும்னா எங்கே போகணும்?

கெய்ரோவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தூரத்தில் இருக்கும் சக்காரா போதும். மெரெருகா, ககெம்னி இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கல்லறைகள். மெரெருகாவுடையதில் முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள் உண்டு. ககெம்னியில் ஒருவன் தன் வாயிலிருந்து ஒரு குட்டி மிருகத்துக்கு ஊட்டுகிறான். அது பன்றிக்குட்டியா நாய்க்குட்டியா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கெய்ரோ அருங்காட்சியகத்தில் கவித் அரசியின் கல்பெட்டியைத் தவறவிட வேண்டாம்: கன்றைத் தாய்ப்பசுவின் காலில் கட்டிவிட்டுப் பால் கறக்கிறார்கள், பசுவின் கண்ணிலிருந்து ஒரு துளி வழிகிறது.

எகிப்து வரை போக முடியாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. கல்லறை அறைகளையே கழற்றி எடுத்துப்போய் நிறுத்தியிருக்கிறார்கள்: லூவரில் அகெத்ஹோத்தெப், நெதர்லாந்தின் லைடனில் ஹெதெப்ஹெராக்தி, நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் பெர்னெப். எங்கே பார்த்தாலும் ஒன்று செய்யுங்கள். சுவருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி, வெளிச்சம் கல்லை உரசி விழும் கோணத்திலிருந்து பாருங்கள், முன்னே தட்டையாகத் தெரிந்த விலா எலும்பும் மீன் செதிலும் அப்போதுதான் எழும். கீழ் வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள். கூட்டம் அங்கே குறைவு.